இடம் கிடைத்தால் மட்டும் போதுமா?

வெள்ளவத்தையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் வணிகப் பிரிவு மாணவர்களுக்குக் கணக்கியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இலவசக் கல்வி இருக்கிறது, மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது, மகாபொல புலமைப்பரிசிலும் இருக்கிறது. எல்லோருக்கும் தரமான கல்வி கிடைக்கப் பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் என்னதான் செய்ய வேண்டும்? பின்தங்கிய பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் தரம் விழுந்துவிடாதா?”

பலருடைய மனதில் இருக்கிற கேள்விதான் இது. கொழும்பில் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பல வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். அதில் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். யாரை உள்ளே எடுப்பது என்று இந்த நாடு ஐம்பது வருடமாக வாதாடிக்கொண்டிருக்கிறது. எடுத்த பிள்ளையை முதலாம் வருடத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எல்லோருக்குமான கல்வி வெல்வதும் தோற்பதும் அந்த முதலாம் வருடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். தரம் விழுமா என்ற உங்கள் பயத்துக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அனுமதி விஷயத்தைப் பார்த்துவிடுவோம். 1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது ஆங்கிலம் படித்த ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் அங்கே இடம் இருந்தது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கியது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் பல பத்தாண்டுகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். மலையகப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியின் முழுப் பயன் ஒரு தலைமுறை தாமதமாகவே போய்ச் சேர்ந்தது.

அதே 1970களில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது. தமிழ் மொழியில் எழுதியவர்கள் கூடிய புள்ளி எடுக்க வேண்டும், சிங்கள மொழியில் எழுதியவர்களுக்குக் குறைந்த புள்ளி போதும் என்று ஆரம்பித்த அந்த ஏற்பாடு எத்தனை தமிழ் இளைஞர்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கும் ‘ஒதுக்கீடு’ என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் பெரியவர்களுடைய முகம் மாறிவிடும். அந்தக் காயம் உண்மையானது. அதனால்தான் இந்த விஷயத்தைப் பேசும்போது மொழியையும் இனத்தையும் பார்த்துப் புள்ளியை வெட்டுவது வேறு, வசதியில்லாத பிள்ளைக்குக் கைகொடுப்பது வேறு என்று பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

இன்றைய முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் சனத்தொகைக்கு ஏற்ப மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எல்லாமும் நுவரெலியா, பதுளை, புத்தளம் போன்றவையும் அதில் அடங்கும். மொத்தத்தில் இது மோசமான ஏற்பாடு இல்லை. ஆனால் மாவட்டம் என்கிற அளவுகோலுக்கு மாவட்டத்துக்குள்ளே இருப்பது தெரியாது. நுவரெலியா மாவட்ட இடத்துக்கு நகரத்துப் பெரிய பாடசாலை மாணவனும் தோட்டத்து லயத்து அறையில் படித்த மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளியில் நிற்கிறார்கள். கொழும்பில் இன்னும் மோசம். மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே அறைக்குள் ஐந்தாறு பேர் இருக்கிற வீட்டில் படிக்கிற தமிழ்ப் பிள்ளை, நாட்டிலேயே மிக உயர்ந்த வெட்டுப்புள்ளிகளில் ஒன்றைத் தாண்ட வேண்டும். ஏன்? விலாசம் கொழும்பு, அவ்வளவுதான். உங்கள் வகுப்பிலேயே இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்.

இதையெல்லாம் தீர்மானிப்பது அரசும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும். ஒரு தனிப் பல்கலைக்கழகம் நினைத்தால் வெட்டுப்புள்ளியை மாற்ற முடியாது. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது என்ற நிலையையும் ஒரு துணைவேந்தரால் மாற்ற முடியாது. ஆனால் உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது முழுக்க முழுக்கப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

பதின்மூன்று வருடம் தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதி, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியை நன்றாக எடுத்து ஒரு மாணவி கொழும்புக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமைத்துவமோ, விஞ்ஞானமோ, மருத்துவமோ, எல்லாம் ஆங்கிலத்தில். முதல் வாரத்திலேயே முப்பது பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அடுத்த வகுப்பில் பேசுவோம் என்று விரிவுரையாளர் சொல்லிவிடுகிறார். அவள் போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பென்சிலால் மேலே தமிழ் எழுதிக்கொண்டே வாசிக்கிறாள். இரண்டாம் நாள் இரவு அவள் நாலாம் பக்கத்தில் நிற்கிறாள். வகுப்பில் பேச்சு இருபதாம் பக்கத்தைப் பற்றி நடக்கிறது. அவள் வாயைத் திறப்பதில்லை. வாயைத் திறக்காத பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று விரிவுரையாளர் முடிவு செய்துவிடுகிறார். பென்சில் எழுத்து நெருக்கிக் கிடந்த அப்படியான பிரதிகளைப் பல தடவை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பிழையாக விளங்கிக்கொண்ட இடம் அநேகமாக இருக்காது. அந்தப் பிள்ளைகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. நேரம்தான் போதவில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. 1978 அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையின்படி, அரச நிதியில் இயங்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடநெறி ஒரு தேசிய மொழியில் கற்பிக்கப்பட்டால், மற்றத் தேசிய மொழியில் படித்து வந்தவர்களுக்கு அந்த மொழியிலும் கற்பிக்கப்பட வேண்டும். கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது: அதே பாடநெறி வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்த மொழியில் இருந்தால் போதும். அதாவது யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ தமிழில் இருந்தால், கொழும்பில் தமிழில் கற்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் கற்பித்தாலோ இந்தக் கேள்வியே எழாது. ஆகவே கொழும்பில் படிக்கிற தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் சட்டத்தை நம்பி நிற்க முடியாது. பீடத்தின் நல்லெண்ணத்தை நம்பித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. வேலைச் சந்தை, மேற்படிப்பு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆங்கிலத்தைத் தனிப் பாடமாக ஒரு மூலையில் வைத்துவிட்டு, ‘இனி நீந்திக்கொள்’ என்று விடுவதைத்தான் எதிர்க்கிறேன். பொதுவாக நடப்பது இதுதான்: ஆங்கில மொழி அலகு தன் பாட்டில் இலக்கணமும் கடிதம் எழுதுவதும் சொல்லிக்கொடுக்கும், பொருளியல் விரிவுரையாளர் தன் பாட்டில் பொருளியல் நடத்துவார். இரண்டு பேரும் ஒரு தேநீருக்குக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். மாணவிக்கு வேண்டியது பொருளியல் கட்டுரையை ஆங்கிலத்தில் வாசிக்கிற பழக்கம். அதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் திட்டமிட்டுவிடலாம். கட்டுரைக்கு முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம், டியூட்டோரியலில் முதலில் சொந்த மொழியில் பேசிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுத அனுமதி, முதல் ஒப்படையைப் புள்ளி போட்டு இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தல்: இவற்றுக்குப் பெரிய செலவு ஏதும் கிடையாது. ஒவ்வொரு பீடமும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களைத் தற்காலிக உதவி விரிவுரையாளர்களாக எடுக்கிறது. அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர் இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்குத் தனிச் சுற்றறிக்கை வேண்டுமா?

அப்புறம் குப்பி. கம்பஸ் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரீட்சைக்கு முன்னால் சீனியர் மாணவரோ, பாடம் நன்றாக விளங்கிய சக மாணவரோ மற்றவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற கூட்டத்துக்குத்தான் குப்பி என்று பெயர். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் குப்பி வைப்பார்கள், சிங்களப் பிள்ளைகள் சிங்களத்தில். உண்மையைச் சொன்னால், நம் பல்கலைக்கழகங்களில் பாதிப் பேர் பாஸாவது இந்தக் குப்பியால்தான். விரிவுரையில் புரியாதது அங்கே சொந்த மொழியில் புரிகிறது. வெட்கமில்லாமல் கேள்வி கேட்கலாம்.

ஆனால் குப்பி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சீனியர்கள் கையில். புதிய மாணவர்களை வதைக்கிற பகிடிவதையும் அதே சீனியர்கள் கையில்தான் இருக்கிறது. பகிடிவதைக்கு உடன்படாத பிள்ளைக்கு நோட்ஸ் கிடையாது, பழைய வினாத்தாள் கிடையாது, குப்பியில் இடம் கிடையாது, பெட்ச்சில் யாரும் பேசமாட்டார்கள். வீட்டில் வசதி இருந்தால் அந்தப் பிள்ளை வெளியே ஒரு ஆசிரியரைப் பிடித்துப் படித்துவிடும். வசதியில்லாத பிள்ளைக்கு இரண்டே வழி: தலைகுனிந்து எல்லாவற்றையும் தாங்குவது, இல்லையென்றால் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. 20ஆம் இலக்கச் சட்டம். அது வந்த பிறகும் முதலாம் வருடத்தில் காணாமல் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யார் ஏன் போனார்கள் என்று பின்னால் போய் விசாரிக்கிற வழக்கம்கூடப் பல இடங்களில் இல்லை. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாடு முழுவதும் போட்டி போட்டு, ஒரு குடும்பமே காத்திருந்து வாங்கிய இடம் அது.

ஆகவே என்னைக் கேட்டால், எல்லோருக்குமான கல்விக்காகப் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய முதல் வேலை குப்பியைத் தன் பொறுப்பில் எடுப்பதுதான். முதலாம் வருடப் பாடம் ஒவ்வொன்றுக்கும் பகல் நேரத்தில், விரிவுரை மண்டபத்திலேயே, பெயர் அறிவிக்கப்பட்ட மூத்த மாணவர்கள் மூன்று மொழியிலும் நடத்தட்டும். அவர்களுக்குச் சிறு கொடுப்பனவும் ஒரு சான்றிதழும் கொடுக்கலாம். பழைய வினாத்தாள்களை நூலகத் தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்கட்டும். பாடம் தெரிந்துகொள்வதற்கு யாருக்கும் அடிபணிய வேண்டியதில்லை என்றாகிவிட்டால், பகிடிவதையின் பிடி பாதியாவது தளர்ந்துவிடும். ஒழுக்காற்று விசாரணையால் மட்டும் அது தளராது.

இப்போது தரம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரீஸ்மன் என்ற கணிதவியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். முதலாம் வருட நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்றார்கள். அடித்தளம் போதாது, ஊக்கம் போதாது, வீட்டில் ஆதரவு இல்லை என்றெல்லாம் பலரும் காரணம் சொன்னார்கள். டிரீஸ்மன் மாணவர்களோடு நேரடியாகப் பழகிப் பார்த்தபோது அவை எதுவும் பொருந்தவில்லை. அந்தப் பிள்ளைகள் கடுமையாகத்தான் உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக, அறையைப் பூட்டிக்கொண்டு. நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ மாலையில் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் திருத்திப் படித்தார்கள். குப்பிதான், வேறென்ன!

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்து இலகுவான கணக்குகளைக் கொடுக்கவில்லை. குழுவாக உட்காரவைத்து, வழக்கமான வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தோற்றுக்கொண்டிருந்த அதே பிரிவு மாணவர்கள் வகுப்பில் முன்னுக்கு வந்தார்கள். பாடத்திட்டத்தையோ பரீட்சையையோ ஒரு அங்குலம்கூட இறக்கவில்லை. 2014இல் 225 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்த ஒரு பெரிய ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது: விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பில் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவர்கள் பங்கெடுத்துச் செய்யும் வகுப்பைவிட ஒன்றரை மடங்கு.

எனவே தரம் விழுவது பலவகைப் பிள்ளைகள் உள்ளே வருவதால் இல்லை. வந்த பிறகும் ஒரே வகைப் பிள்ளைக்காகவே நாம் கற்பித்துக்கொண்டிருப்பதால்தான் விழுகிறது. கொழும்பின் பெரிய பாடசாலை ஒன்றில் ஆங்கிலத்தோடு வளர்ந்து, மாலையில் மூன்று இடத்தில் டியூஷனுக்குப் போய் வந்த பிள்ளைக்கு எப்படிக் கற்பித்தாலும் போய்ச் சேரும். ஒரு விரிவுரையாளரின் திறமை தெரிவது மற்றப் பிள்ளைகளிடம்தான். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: தரத்தைக் குறைத்து இரக்கம் காட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளை என்றோ தோட்டத்துப் பிள்ளை என்றோ ‘பாவம்’ பார்த்துப் புள்ளி போட்டு அனுப்பிவிடுவது. அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். நாலு வருடம் கழித்து நேர்முகப் பரீட்சையில் அது வெளியே தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி. மகாபொல புலமைப்பரிசில் நிதியம் 1981இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் உருவானது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கிய நிதியம் அது. மாதம் 5,000 ரூபாயாக இருந்த தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. நல்லதுதான், ஆனால் வெள்ளவத்தையிலோ நுகேகொடையிலோ ஒரு போடிங்கில் பகிர்ந்து தங்கினாலும் அந்தப் பணம் அறையோடு சரி. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் வேறு பார்க்க வேண்டும். தொகையைவிடப் பெரிய பிரச்சினை, அது வந்து சேர்கிற நேரம். பல்கலைக்கழகம் தொடங்கும் வாரத்தில் முற்பணம், அறை வாடகை, படுக்கை, புத்தகம், மடிக்கணினி என்று செலவெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். புலமைப்பரிசிலின் முதல் தவணை மாதங்கள் கழித்து வரும். அந்த இடைவெளியில்தான் தாயின் நகை அடகுக்குப் போகிறது. பையன்கள் இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலை எட்டு மணி விரிவுரையில் தூங்குகிறார்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. கட்டணத்தில் சிறு தொகை பாக்கி வைத்ததால் பதிவு ரத்தாகும் நிலையில் இருந்த மாணவர்களை 2011 முதல் அது தானாகவே தேடிப் பிடித்து அந்தப் பாக்கியை அடைத்தது. பிள்ளை விண்ணப்பித்துக் கெஞ்ச வேண்டியதில்லை. இதோடு வேறு பல ஏற்பாடுகளும் சேர்ந்து, கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் பட்டம் பெறும் விகிதத்தில் இருந்த இடைவெளி அங்கே மறைந்தது. நமக்குக் கட்டணம் இல்லை, ஆனால் முதல் மூன்று மாதச் செலவு இருக்கிறது. ஒவ்வொரு பீடத்துக்கும் பழைய மாணவர் சங்கம் உண்டு. லண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் கிளைகள் உண்டு. கட்டடத்துக்கும் பொன்விழாவுக்கும் பணம் சேர்க்கிற அவர்கள், புதுமுக மாணவருக்கு முதல் நாளே கைமாற்றாகக் கொடுத்து மகாபொல வந்ததும் திருப்பி வாங்குகிற ஒரு சுழல் நிதியை வைக்கலாம். ஒருமுறை போட்ட பணம் வருடா வருடம் சுற்றிவரும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் நாட்டில் 1996இலேயே அவர்களின் உரிமைகளுக்குச் சட்டம் வந்தது, ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. விழிப்புலனற்ற பிள்ளைகள் கலைப்பீடங்களுக்கு வருகிறார்கள், நன்றாகவும் படிக்கிறார்கள். சாய்தளம், மின்தூக்கி என்று கட்டடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது வேண்டியதுதான். நான் சொல்ல வருவது யாரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம். தமிழ் நோட்ஸ் இன்றும் எத்தனையோ இடங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்படுகிறது. திரையில் பார்த்தால் அழகான தமிழ். ஆனால் கணினிக்கு அது தமிழே இல்லை, ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. விழிப்புலனற்ற மாணவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைவாசிப்பு மென்பொருளை இயக்கினால், ‘அம்மா’ என்று இருக்கிற இடத்தில் அது ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வாசிக்கும். ஐம்பது பக்க நோட்ஸும் இப்படித்தான் ஓடும். அந்தப் பிள்ளை பிறகு யாரையாவது கெஞ்சி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அதே கோப்பு எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் இருந்தால் சாதாரணக் கணினியிலோ போனிலோ இலவச மென்பொருள் தமிழில் வாசித்துவிடும். பாமினியை யுனிகோடாக மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒட்டினால் சில நொடியில் மாறிவிடும். இனிமேல் மாணவருக்குக் கொடுக்கிற எந்தத் தமிழ்க் கோப்பும் யுனிகோடில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பீடாதிபதி ஒரு வரிக் கடிதம் எழுதினால் போதும். பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் போனில் எழுத்து உடையாமல் திறக்கும், தேடவும் முடியும். ஒருவருக்காகச் செய்வது வகுப்புக்கே உதவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பரீட்சையில் சொல்வதை எழுதுபவரை ஏற்பாடு செய்யும்போது அவர் தமிழ் எழுதத் தெரிந்தவரா என்று முன்கூட்டியே பார்ப்பதும் இந்த வகைதான். பரீட்சை அன்று காலையில் போய்த் தேடக்கூடாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். நம் பல்கலைக்கழகங்களில் அவர்கள்தான் பெரும்பான்மை. பொறியியலுக்குப் போனால் அந்தப் பெரும்பான்மை கரைந்துவிடும். முதலாம் வருடத்துக்கு விடுதி உறுதி என்றால் மட்டுமே கொழும்புக்கு அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். விடுதி இல்லையென்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் விருப்பத்துக்கு இறங்கிய மாணவிகளைப் பார்த்திருக்கிறேன்.

உயர்தரத்தில் தகுதி பெற்றும் இடம் கிடைக்காத மற்ற முக்கால்வாசிப் பேருக்கும் பல்கலைக்கழகங்களுக்குக் கடமை இருக்கிறது. நாவலையில் இருக்கிற திறந்த பல்கலைக்கழகம் 1980இல் அதற்காகவே தொடங்கப்பட்டது. உயர்தரம் சித்தியடையாதவர்கூட அடிப்படைப் பாடநெறி ஒன்றை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாம். வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளை பெற்ற பெண்களும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் அங்கே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். இரத்மலானையில் தொழில்நுட்பத் தொழிற்பயிற்சிக்கான பல்கலைக்கழகம் இருக்கிறது. தேசிய தொழில் தகைமை வழியாக வந்த ஒரு மின்னியல் தொழிலாளி அங்கே பட்டதாரியாகலாம். நம் பெற்றோர் இந்த வழிகளை இரண்டாந்தரமாகப் பார்ப்பது பெரிய தவறு. அந்தப் பக்கம் குறையும் இருக்கிறது: கட்டணம் உண்டு, தமிழில் கற்பிக்க ஆள் போதாது, வெளிவாரிப் பட்டம் என்றால் பதிவு செய்த நாளுக்கும் பரீட்சை நாளுக்கும் நடுவில் பல்கலைக்கழகத்தின் முகத்தையே பார்க்க முடியாது.

பணம் இல்லாமல் இவற்றில் எதுவும் நடக்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குக் கொடு என்று ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கோரிக்கை இன்றும் நியாயமானது. நாம் இன்னும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் பலர் வெளிநாடு போய்விட்டதால் இருக்கிறவர்களின் சுமையும் கூடியிருக்கிறது. விடுதி கட்டவும் மின்தூக்கி போடவும் ஆள் எடுக்கவும் அரசு பணம் தரத்தான் வேண்டும். ஆனால் மேலே நான் சொன்னவற்றில் குப்பி, வினாத்தாள், யுனிகோட், ஒரு பக்கச் சுருக்கம், தமிழ் பேசும் உதவி விரிவுரையாளர் ஆகியவற்றுக்குத் திறைசேரியின் அனுமதி தேவையில்லை. பீடக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும்.

கடைசியாக, நீங்களும் ஒன்று செய்யலாம். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நம் பிள்ளைகள் பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும், வீட்டில் காத்திருக்கிறார்கள். கணக்கியல் தமிழில் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாள் உங்கள் வகுப்பறையிலேயே அவர்களைக் கூப்பிட்டு, ஏற்கெனவே தெரிந்த அதே பாடத்தை ஒரு ஆங்கிலப் பாடநூலில் நாலைந்து பக்கம் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். போன வருடம் கம்பஸ் போன உங்கள் பழைய மாணவர் ஒருவரையும் அழைத்து உட்காரவையுங்கள். போனில் யுனிகோடில் தமிழ் தட்டச்சும் பழகட்டும். மகாபொல விண்ணப்பத்தோடு கேட்கிற வருமானச் சான்றிதழைக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரத்தோடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் பிந்தியதால் முதல் தவணையும் பிந்திய பிள்ளைகள் ஒவ்வொரு பெட்ச்சிலும் இருக்கிறார்கள்.